திரையில் ரத்தம்! கூலி எங்கே?

கொலை! கொலை! கொலை! கதவைத் திறந்தால் கொலை, காட்டு வழி நடந்தால் கொலை! இப்படிப்பட்ட படத்தை விருந்துண்ட இரவில் வீட்டில் அமர்ந்து பார்ப்பார்களா? பார்த்தார்கள், தோழர்களே! 2018 நவம்பர் 22, அமெரிக்க நாட்டின் நன்றித் திருநாள். வான்கோழி விருந்து முடிந்த இரவில், 'ஷடர்' என்னும் இணையத் திரையில் 'டெக்சஸ் செயின் சா மாசகர்' படத்தைக் காட்டினார் ஜோ பாப் பிரிக்ஸ்.

சும்மா காட்டவில்லை. நமது தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவானே, கதையை நிறுத்துவான், கேலி பேசுவான், நாட்டு நடப்பையும் நறுக்கென்று சொல்வானே, அந்த வேலைதான் இவருக்கும். தலையில் கௌபாய் தொப்பி, கையில் பீர். இடையிடையே படம் நிற்கும், இவர் பேசுவார். எத்தனை பிணம் விழும் என்று கணக்கு வாசிப்பார்! அதே ஆண்டு ஜூலையில் 24 மணி நேரம் தொடர்ந்து படம் காட்ட வந்தார். கூட்டம் தாங்காமல் ஷடரின் இயந்திரங்களே படுத்துவிட்டன!

கோமாளிப் பேச்சென்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தொப்பிக்குள்ளே இருப்பவர் ஜான் புளூம் என்ற பத்திரிகையாளர்.

1974இல் வெளிவந்த படம் அது. ஐந்து இளைஞர்கள் வேனில் போகிறார்கள். அவர்களில் ஒரு பெண் சோதிட ஏட்டைப் புரட்டுகிறாள். சனி வக்கிரமாம்! ஆபத்தாம்! கடல் கடந்து போனாலும் அங்கேயும் சனிதானா என்று சிரித்துவிட்டேன். அவர்களைக் கொன்றது சனியல்ல, பேயுமல்ல, பிசாசுமல்ல. தலைமுறை தலைமுறையாகக் கசாப்புக் கூடத்தில் சம்மட்டியால் மாடடித்துப் பிழைத்த குடும்பம்! அங்கே காற்றுத் துப்பாக்கி வந்தது. சம்மட்டி வேண்டாம் என்றார்கள். சம்மட்டி பிடித்த கையும் வேண்டாம் என்றார்கள். பலருக்கு வேலை போயிற்று என்று வேனில் ஏறும் வழிப்போக்கனே சொல்கிறான். கொலைகாரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், அந்த ஒரு வரியைக் கேளாமல் ரம்பத்தின் இரைச்சலை மட்டும் கேட்டவன் பாதிப் படம்தான் பார்த்தான்.

இனி, படம் எடுத்தவர்களின் கதை. 2004இல் 'டெக்சஸ் மன்த்லி' ஏட்டில் இதை விரிவாக எழுதியவர் நம் கட்டியங்காரரேதான்.

1973 கோடை. ஒரு நாள் வெயில் 43 டிகிரி செல்சியஸ். வாரம் ஏழு நாளும் வேலை, நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம். ரம்பக்காரனாக நடித்த குன்னார் ஹான்சனுக்கு ஒரே உடுப்பு. சாயம் போய்விடும் என்று துவைக்கவும் விடவில்லை! விருந்துக் காட்சிக்கு ஒரே மூச்சில் 26 மணி நேரம். அழுகிய இறைச்சியின் நாற்றம் வேறு.

கூலி? பாதியும் குறையுமாகக் கொடுத்து, மீதி படம் விற்ற பிறகு என்றார்கள். இலாபத்தில் பங்கும் உண்டு என்றார்கள்: ஆளுக்குத் தக்கபடி கால் சதவிகிதம் முதல் 6 சதவிகிதம் வரை. மகிழ்ந்தார்கள் பாட்டாளிகள்! பங்கு தந்த வோர்டெக்ஸ் கம்பெனிக்குப் படத்தில் பாதிதான் சொந்தம். 60,000 டாலர் போட்டவரின் கம்பெனி மறு பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆக, 6 என்றால் 3!

அந்த மூன்றாவது வந்ததா? படத்தை வாங்கி வெளியிட்டது பிரையன்ஸ்டன் என்ற கம்பெனி. நடத்தியவர் மாஃபியா கும்பலோடு தொடர்புடைய லூயி பெரைனோ. ஒன்றரை லட்சம் டாலருக்கும் குறைவாகச் செலவழித்து எடுத்த படம், 3 கோடி டாலருக்கு மேல் வசூல்! நடிகருக்கும் தொழிலாளருக்கும் கிடைத்தது ஆளுக்கு 405 டாலர். நான்கு நூற்று ஐந்து!

வழக்குப் போட்டார்கள். 5 லட்சம் டாலர் கொடு என்று தீர்ப்பானது. கொடுக்க வேண்டிய கம்பெனி அதற்குள் திவால்! 1983இல் 'நியூ லைன்' நிறுவனம் உரிமையை வாங்கிய பிறகுதான் பங்கு சற்றே கூடியது.

கதாநாயகி மர்லின் பர்ன்ஸ் 2014இல் மறைந்தார்; குன்னார் ஹான்சன் 2015இல்; இயக்குநர் டோப் ஹூப்பர் 2017இல். திருநாள் இரவில் கட்டியங்காரர் பிணக்கணக்கு வாசித்தபோது, கூலிக் கணக்குக் கேட்க இந்த மூவரும் உயிரோடு இல்லை.