எல்லோர் செவிக்கும் எட்டும் கோயில்

லண்டன் மாநகரின் வடபகுதியில் இஸ்லிங்டன் என்றொரு பேட்டை உண்டு. அங்கே காம்ப்டன் டெரஸ் என்னும் வீதியில், ஒரே அளவாய் அடக்கமாக நிற்கும் வீடுகளின் வரிசைக்கு நடுவே, செங்கற் கோபுரம் ஒன்று வானளாவ எழுந்து நிற்கிறது. 'யூனியன் சாப்பல்' என்பது அக்கோயிலின் பெயர். யாரோ ஒரு பிரபு கட்டுவித்தது என்றே முதன்முறை பார்ப்பவர் எண்ணுவார். உண்மையில், அரசாங்கத்தின் திருச்சபைக்கு இணங்க மறுத்த நகரவாசிகள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு எழுப்பிய ஆலயம் அது.

இணங்க மறுத்ததற்கு அவர்களுடைய முன்னோர் கொடுத்த விலை அற்பமன்று. 1662-ம் ஆண்டுச் சட்டத்தையொட்டி ஏறத்தாழ 2,000 போதகர்கள் பதவி இழந்தார்கள். வீட்டார் நீங்கலாக ஐந்து பேருக்கு மேல் தனியே கூடித் தொழுவது குற்றம் என்று 1664-ல் விதித்தார்கள். 1689-ல் தொழும் உரிமை ஒருவாறு கிடைத்தது; ஆயினும், பொதுப் பதவிகளைத் தடுத்த சட்டங்கள் 1828 வரை நீடித்தன. தாங்கள் காலெடுத்து வைக்காத கோயிலின் பராமரிப்புக்கு வரி செலுத்தும் கட்டாயமோ 1868-ல்தான் ஒழிந்தது.

இந்தச் சபையின் தொடக்கம் 1799-ம் ஆண்டு. அரசுத் திருச்சபையைச் சேர்ந்த சிலரும், அதற்கு இணங்காத சிலரும் ஒன்றுகூடித் தொழுதமையால் 'யூனியன்', அதாவது ஒற்றுமை, என்ற பெயர் ஏற்பட்டது. 1806-ல் காம்ப்டன் டெரஸில் முதற் கோயிலைக் கட்டினார்கள். 1844-ல் ஹென்றி அல்லன் என்பவர் இங்கே போதகராக வந்தார். பாட்டைப் பாடகர் குழுவுக்கு மட்டும் விட்டுவிடாமல் சபை முழுவதும் பாடவேண்டும் என்பது அவர் கொள்கை. ஜனங்களுக்கு முறையாக இசை கற்பித்தார். கூட்டம் பெருகிற்று, பழைய கோயில் போதவில்லை.

புதுக் கோயிலைக் கட்ட ஜேம்ஸ் க்யூபிட் என்னும் சிற்பி முன்வந்தார். நீண்ட மண்டபமும் வரிசைத் தூண்களும் பாதி ஜனங்களுக்குப் போதகரை மறைத்துவிடுகின்றன என்பதைக் கண்டு, 1870-லேயே இதைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். வெனிஸ் நகருக்கு அருகே டார்செல்லோ தீவிலுள்ள புராதனமான சாந்தா ஃபோஸ்கா ஆலயம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அதன் அமைப்பைத் தழுவி எண்கோண மண்டபம் ஒன்றை வகுத்தார். ஏறத்தாழ 1,700 பேர் அமரலாம்; பார்வை எல்லாம் பிரசங்க மேடையிலேயே வந்து குவியும். ஹென்றி வில்லிஸ் செய்த ஆர்கன் வாத்தியத்தை மேடைக்குப் பின்னே மறைவாக வைத்தார்கள். அதன் துருத்திகளை இயக்கியது நீரின் விசை. மேலே வட்டச் சாளரத்தில் வாத்தியம் ஏந்திய தேவதூதர்கள் வண்ணக் கண்ணாடியில் ஒளிர்கிறார்கள். 1877-ல் கோயில் திறக்கப்பெற்றது. கோபுரம் 1889-ல் முற்றுப்பெற்றது.

பெருமையே பாரமாகவும் ஆகும் அல்லவா? இருபதாம் நூற்றாண்டில் சபை சுருங்கிற்று, கட்டடமோ சுருங்கவில்லை. அத்தனை பெரிய கூரையைப் பழுதுபார்க்கச் சிலரால் எப்படி இயலும்? 1980-களின் தொடக்கத்தில் இடித்துவிடலாம் என்ற யோசனையும் பிறந்தது. அப்போது அப்பேட்டைவாசிகள் திரண்டெழுந்து தடுத்தார்கள். அவர்களுள் அச்சபையைச் சேராதவர்களும் இருந்தார்கள்.

கோயிலைப் பிழைக்க வைத்தது அதன் பழைய நோக்கமே. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று கட்டிய மண்டபத்தில் இசை அழகாக ஒலிக்கக் கண்டு, வித்துவான்கள் தேடி வந்தார்கள். இன்று அங்கே கச்சேரிகள் நடைபெறுகின்றன. வீடற்றோருக்கு உதவி செய்கிறார்கள். ஞாயிறு தோறும் ஆராதனையும் நிற்கவில்லை.

ஒரு சாரார் தம் மனச்சாட்சிக்காக எழுப்பிய கட்டடம், ஊரார் அனைவருக்கும் உடைமையாகிவிட்டது. 1799-ல் இட்ட பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு என்ன வேண்டும்?