பின்மூடி சொல்லும் போர்க்கதை

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கு அது பத்து நிமிடப் பயணம். கையிலுள்ள வாட்ச் ஒரு நிமிடம் பிசகினால் இலக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போகும். இரண்டாம் உலகப் போரில் இரவிலும் மேகத்துக்கு மேலும் பறந்தவர்கள் வேகம், திசை, கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டே தாங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். ஆகவே விமானப்படைகள் கைக்கடிகாரத்தை ஒரு கருவியாகவே வாங்கின. எண் குத்தி, பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தன. இன்று நாம் அவற்றை அடையாளம் காண முடிவதற்குக் காரணம் அந்த எண்கள்தாம்.

அமெரிக்க விமானப்படையின் ஏ-11 வகையை எல்ஜின், வால்தம், புலோவா ஆகிய நிறுவனங்கள் செய்தன. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், நடுவிலிருந்து சுழலும் நொடி முள். சாவியை வெளியே இழுத்தால் நொடி முள் அப்படியே நின்றுவிடும். புறப்படுமுன் விமானிகள் ஒன்றாக நின்று, ஒரே கணத்தில் சாவியை அழுத்தித் தங்கள் நேரத்தை ஒன்றாக்கிக்கொள்ள அது உதவியது. பிரிட்டிஷ் விமானப்படைக்கு (ஆர்.ஏ.எஃப்.) ஒமேகா, லாஞ்சின் போன்ற சுவிஸ் நிறுவனங்களின் வாட்சுகள் போயின. அவற்றின் பின்மூடியில் விமான அமைச்சகத்தைக் குறிக்கும் ஏ.எம். எழுத்துகளும் 6பி/159 என்ற பொருள் எண்ணும் இருக்கும். அரசுச் சொத்து என்று காட்டும் அம்புக்குறியையும் பிரிட்டிஷ் ராணுவப் பொருள்களில் காணலாம். நம் ராணுவ வண்டிகளின் எண் பலகையில் இன்றும் மேல்நோக்கிய அம்பு இருப்பதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள்.

ஜெர்மானியர்களுடையது 55 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய வாட்ச். தோல் ஜாக்கெட்டுக்கு மேலே கட்ட நீண்ட பட்டை, கையுறையோடு திருகப் பெரிய சாவி. லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஐ.டபிள்யூ.சி. ஆகிய ஐந்து நிறுவனங்கள் மட்டுமே அதைச் செய்தன. பக்கவாட்டில் எஃப்.எல். 23883 என்று பொறித்திருக்கும்.

இந்தக் கதையில் நம் வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவரும், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவருமான ஜெனரல் பி. பி. குமாரமங்கலம், 1942-இல் லிபியாவில் பீரங்கிப்படை அதிகாரியாகப் போரிட்டுச் சிறைப்பட்டார். இத்தாலிய முகாமிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். நேச நாட்டு விமானிகளை ஜெர்மன் விமானப்படை அடைத்துவைத்திருந்த இடம் அது. கைதிகள் பலர் தங்கள் வாட்சுகளைப் பறிகொடுத்திருந்தார்கள். ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், போர் முடிந்தபின் பணம் தந்தால் போதும் என்று சொல்லி, சிறைமுகாம்களிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஜெனீவாவிலிருந்து வாட்சுகளை அனுப்பினார். அதே முகாமில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த கிளைவ் நட்டிங் என்ற கார்ப்போரல் 1943-இல் அப்படி ஒன்றைப் பெற்றார். முள்வேலிக்குள் இருந்தவர்களின் வெற்றியை நம்பிக் கொடுத்த அந்தக் கடனைப்போல் என்னை நெகிழவைத்த செய்தி வாட்ச் வரலாற்றில் வேறில்லை.

நம் ஊர்ச் சந்தையில் ‘மிலிட்டரி வாட்ச்’ என்று நீட்டப்படுவதை வாங்குமுன் பொறுமை வேண்டும். இந்தியாவில் பழைய வாட்சுகளின் டயலைச் சுரண்டி, புது வண்ணமடித்து, ஆர்.ஏ.எஃப். என்று எழுதி விற்கும் தொழில் பெரியது. உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டயலை நம்பாதீர்கள். வாட்ச் ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறக்கச் சொல்லி மிஷினைப் பாருங்கள். ஏ-11 என்கிற வாட்சுக்குள் எச்.எம்.டி. மிஷின் ஓடினால் பேச்சு அங்கேயே முடிந்தது: எச்.எம்.டி. வாட்சுத் தொழிற்சாலை தொடங்கியதே 1961-இல், ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு. எச்.எம்.டி. பைலட்டை அதன் சொந்தப் பெயரிலேயே வாங்குங்கள். சாவி கொடுக்கும் அந்தக் கறுப்பு டயல் வாட்ச் எந்தச் சேகரிப்புக்கும் நல்ல தொடக்கம்.

முக்கியமான இன்னொரு சோதனை வெளிச்சம். போர்க்கால வாட்சுகளின் எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். ரேடியத்தின் கதிர்வீச்சு பட்டு ஒளிர வேண்டிய துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் செத்துவிடும், வண்ணம் பழுப்பேறிவிடும். 1943-இன் டயல் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பின்னாளில் பூசியது. ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். மூடிய வாட்சில் உள்ள ஆபத்து குறைவு. உதிரும் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் கேடு. ஆகவே டயலை ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். திறக்கச் சொல்லும்போது ரிப்பேர்காரரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த வாட்ச் பீரோவில் கிடந்தால் பின்மூடியை மட்டும் பாலிஷ் போட விடாதீர்கள். எழுத்து தேய்ந்துவிட்டால் அது யாருடையது, எந்தப் படைக்குப் போனது என்பதைப் பிறகு கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கும் மிகக் கடினம்.