கோட்டிங் கடைசி வேலை

டோம்பிவிலியில் ஜூன் பாதியில் இறங்கும் மழை செப்டம்பர் கடைசிவரை விடாது. மும்பை வட்டாரத்தில் இந்த நான்கு மாதத்தில் மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 1,400 மி.மீ. சொச்சம்தான். போதாக்குறைக்கு இங்கே மழை நேராக விழுவதில்லை. தென்மேற்குக் காற்றோடு சாய்ந்து வந்து சுவரை அடிக்கிறது. மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்கள் முதலில் ஓதம் காக்கும். ஆகஸ்டில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி, அலமாரித் துணியில் பூஞ்சை வாடை. தீபாவளிக்குப் பெயின்ட் அடித்து மறைத்தால், அடுத்த மழையில் அதே இடத்தில் அதே புள்ளி.

இதற்கு மருந்தாக இப்போது பரவலாகச் சொல்லப்படுவது தண்ணீரை ஒட்டவிடாத கோட்டிங். நல்ல பொருள்தான். ஆனால் எந்தத் தண்ணீரைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரியாமல் அடித்தால் காசு வீண்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம்

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. கதவைச் சாத்தித் தடுக்க முடியாது. தின்பதற்கு அதற்குப் பெயின்ட்டில் உள்ள பசையும் சுவரில் படிந்த தூசியும் போதும். 25, 30 டிகிரி வெப்பமும் அதற்குத் தோதானது. நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் சில நாள் நின்றாலே பல வகைப் பூஞ்சைகள் முளைத்துவிடும். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமாத் தொல்லை கூடுகிறது என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நீடித்த ஈரத்தைத் தடுப்பதையே முதன்மையாகச் சொல்கிறது.

சுவரில் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. வெள்ளையாகப் பூத்து, விரலில் மாவாக ஒட்டி, தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. கட்டடத்தின் வெளிப்புறத்தில் நீளமாக இறங்கும் கறுப்புக் கோடுகளில் பெரும்பாலும் பாசியும் கலந்திருக்கும். மூன்றையும் வளர்ப்பது சுவரில் தங்கும் தண்ணீர்.

மழையா, குழாயா, காற்றா?

ஈரம் முதல் பெருமழைக்குப் பின் தோன்றி, மழை ஓய்ந்த சில வாரங்களில் காய்ந்தால், அது வெளிச்சுவர் வழியே வரும் மழைத் தண்ணீர். மே மாத வெயிலிலும் காயாமல், குளியலறையை ஒட்டியோ மேல்வீட்டுக் குழாய்க்குக் கீழேயோ நின்றால் குழாய்க் கசிவு.

மூன்றாவது வழியைப் பலரும் சந்தேகிப்பதில்லை. அது அறைக்காற்றின் ஈரம். வெளியே துணி காயாது என்று ஹாலில் கொடி கட்டுகிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம், சமையல் ஆவியும் சேர்கிறது. 28 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால், 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். படுக்கையறையில் ஏ.சி. 22-இல் ஓடும்போது, அந்த அறைச் சுவரின் ஹால் பக்கத்தில் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். வெளிச்சுவரில் எத்தனை கோட்டிங் அடித்தாலும் இது போகாது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துவது, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது, ஏ.சி.யை அவ்வளவு குளிர வைக்காமல் இருப்பது ஆகியவை உதவும்.

சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர் பக்கம், வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் காற்றிலிருந்து.

கோட்டிங் என்ன செய்கிறது?

சிமென்ட் பூச்சு பார்க்கக் கல்போல இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை தண்ணீரைத் தாமாகவே உள்ளிழுக்கும். சிலேன், சிலாக்ஸேன் என்ற சிலிக்கான் வகைத் திரவங்கள் இந்தத் துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் ஊடுருவி, துளைகளின் உட்சுவர்களில் ஒட்டிக்கொண்டு அந்த இழுவையை நிறுத்துகின்றன. மழைத் தண்ணீர் உள்ளே போகாது, துளை அடைபடாததால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். இதுதான் இதன் பெரிய பலம். இயற்கையிலும் தண்ணீரை விரட்டும் பரப்பு உண்டு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணமான நுண்மேடுகளை ஆராய்ந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். அந்த அறிவை வைத்து 1999-இல் ஜெர்மனியில் வெளிச்சுவர்ப் பெயின்ட்டே விற்பனைக்கு வந்தது.

ஆனால் சிலேன் வகைத் திரவம் விரிசலை மூடாது. முடியளவு விரிசல் தாங்கலாம், 0.3 மி.மீ.க்கு மேல் போனால் மழை அதன் வழியே தாராளமாக நுழையும். விரிசல் உள்ள பழைய கட்டடத்துக்கு ரப்பர்போல நீளும் அக்ரிலிக் எலாஸ்டோமெரிக் கோட்டிங் பொருந்தும். அதற்கும் பெரிய விரிசல்களை முதலில் வெட்டி அடைத்தாக வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கும் மொட்டைமாடிக்குச் சிலேன் வகை உதவாது. இது சுவரில் வழியும் மழைக்கானது. தேங்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்காது.

உள்சுவரில் மட்டும் கோட்டிங் அடிப்பது இன்னொரு தவறு. வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்க, உள்ளே வாசலை அடைத்தால் அது உப்பையும் சுமந்துகொண்டு பெயின்ட்டைக் கொப்புளமாக உரிக்கும். அல்லது பக்கத்துச் சுவரில் தலைகாட்டும். வெளிச்சுவரில் அடிக்கும் பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட்டில் கலந்திருக்கும் மருந்தும் மழையில் மெல்லக் கரைந்து போவதால் அது நிரந்தரக் காவல் அல்ல.

வேலையின் வரிசை

மும்பை மாட்டுங்காவின் பழைய ஆர்ட் டெகோ கட்டடங்களைப் பாருங்கள்: ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேடு நீண்டிருக்கும். மழை சுவரைத் தொடும் முன்பே அதைத் தள்ளிவிடும் ஏற்பாடு அது. உங்கள் கட்டடத்தில் சன்ஷேடு உடைந்திருந்தால் அதைச் சரிசெய்வது முதல் வேலை. அதன் அடிப்பக்க ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் கீறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடிவழியே தவழ்ந்து சுவருக்கே திரும்பிவிடும். அடுத்துக் குழாய் மூட்டுகள், ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய இடைவெளி, விரிசல்கள்.

பிறகு பூஞ்சையைக் கழுவ வேண்டும். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். நனைத்துத் துடையுங்கள், முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். ப்ளீச் பயன்படுத்தினால் கழிப்பறை ஆசிடோடு மட்டும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். கழுவிய சுவர் நன்றாக உலர்ந்த பின்தான் கோட்டிங்.

ஆகவே மழைக்காலம் கசியும் இடங்களைப் படமெடுத்துக் குறித்துவைக்கும் காலம். தீபாவளிக்குப் பின்னிருந்து மே வரை வேலை செய்யும் காலம். ஜூன் முதல் வாரத்தில் அவசரமாக அடிக்கும் கோட்டிங் ஈரச் சுவரில் சரியாகப் பிடிக்காது.

செலவு யாருடையது? மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி, மழையால் வரும் கசிவும் வெளிப்புறப் பொதுக்குழாய்க் கசிவும் சொசைட்டியின் பொறுப்பு. வீட்டுக்குள் இருக்கும் பழுதை உறுப்பினர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் குறித்துவைத்த படங்களோடு செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் வரும்போது எந்த பிராண்ட், லிட்டர் என்ன விலை என்பதற்கு முன்னால், விரிசல் அடைக்கவும் குழாய் மூட்டைச் சரிசெய்யவும் ஒப்பந்தக்காரர் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். அந்த வரியே இல்லாத கொட்டேஷன் வெறும் பெயின்ட் வேலைக்கானது, பூஞ்சைக்கானது அல்ல.