160 சதுர அடிக் குடித்தனம்

மும்பையின் நூற்றாண்டு கண்ட பிடிடி சால்கள் இடிக்கப்படுகின்றன. ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் கலையைப் புது மாடிகளுக்கு எடுத்துச் செல்ல முடியுமா?

கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல். மும்பை வொர்லியில் உள்ள பிடிடி சால்களின் பல அறைகளில் கண்ணில் படுகிற முதல் காட்சி இது. கட்டில் அரை அடி உயர்ந்தால் அதற்குக் கீழே இன்னும் இரண்டு பேர் படுக்கலாம். பகலில் அந்த இடம் அரிசி டின்னுக்கும் பெட்டிகளுக்கும் பள்ளிக்கூடப் பைகளுக்கும். இரவில் அதே இடம் பேரப்பிள்ளைகளுக்கு. மேலே பாட்டி. சமையல் மேடையை ஒட்டிய தரையில் மகனும் மருமகளும். கல்யாணமாகாத தம்பி பாயைச் சுருட்டிக்கொண்டு வெளி நடைக்குப் போய்விடுவான்.

அறையின் அளவு 160 சதுர அடி. நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்களுக்காவது முற்றம் என்று ஒன்று இருக்கும். இங்கே ஒரு மாடிக்கு 20 அறைகள், நடுவில் ஒரு நீண்ட நடை, பொதுக் கழிப்பறைகள், அவ்வளவுதான். தரைத்தளத்தையும் சேர்த்து நான்கு தளங்கள். கட்டடத்துக்கு 80 அறைகள்.

1920களில் பம்பாய் மாகாண அரசின் பம்பாய் வளர்ச்சித் துறை இவற்றைக் கட்டியது. பெயர்ச் சுருக்கம்தான் பிடிடி. வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் மொத்தம் 207 கட்டடங்கள். பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டவை. ஆனால் ஆரம்பத்தில் குடிவர ஆளில்லாமல் பல அறைகள் பூட்டிக் கிடந்தன. 1930இல் சட்ட மறுப்பு இயக்கம் வெடித்தபோது வொர்லி சால்களில் சிலவற்றை அரசு தற்காலிகச் சிறையாகவே மாற்றிவிட்டது. கைதிகளை அடைக்கப் போதுமானது என்று கருதப்பட்ட அறைகளில்தான் பிற்பாடு மூன்று நான்கு தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

கொங்கணத்திலிருந்தும் சதாராவிலிருந்தும் தனியாக வந்த ஆலைத் தொழிலாளர்கள் ஓர் அறையைப் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று பகிர்ந்துகொண்டார்கள். ஆலையில் மூன்று ஷிஃப்ட் என்பதால் அறையிலும் ஷிஃப்ட். ஒருவன் வேலைக்குக் கிளம்பும்போது அவன் பாயில் இன்னொருவன் வந்து படுப்பான். குடும்பங்கள் வந்த பிறகு கணக்கு மாறியது, ஆனால் கணக்குப் போடுவது நிற்கவில்லை.

எதுவும் ஒரே வேலை செய்வதில்லை என்பது இந்தக் குடித்தனத்தின் முதல் விதி. மூலையில் இருக்கும் மோரி காலையில் குளியலறை, பிறகு பாத்திரம் துலக்கும் இடம், அதன் பிறகு துணி துவைக்கும் இடம். ஒரு திரையை இழுத்தால் மறைவு. கூரை உயரமாக இருப்பதால் பாதி அறைக்குப் பரண் போட்டிருப்பார்கள். குளிர்காலப் போர்வையும் கல்யாணப் பாத்திரங்களும் ஏறியது போக மிச்சமிருக்கும் இடம் பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு. சுவரில் கீல் வைத்த பலகை, வேண்டும்போது மேஜை. தண்ணீர் வருவது சில மணி நேரம்தான் என்பதால் டிரம்முக்கு மட்டும் நிரந்தர இடம். அதைக் கேட்டுக்கொண்டுதான் மற்ற எல்லாச் சாமானும் நகரும்.

பரணிலும் இடமில்லாத பிள்ளைகளுக்கு வொர்லியில் ஒரு தெருவே இருக்கிறது. பெயர் ‘அப்யாஸ் கல்லி’, படிப்புச் சந்து. சால் பிள்ளைகள் தெரு விளக்கின் கீழே புத்தகத்தோடு உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பரேலில் இதே போன்ற இன்னொரு சாலின் சிறு அறைகளில்தான் அம்பேத்கர் சுமார் 20 ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தார். பிறகு தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது புத்தகங்களுக்கே பெரிய இடம் ஒதுக்கியதில் வியப்பில்லை.

பரணும் பலகையும் தச்சன் செய்துவிடுவான். மனிதர்கள் விஷயம் வேறு. பகலில் கதவைச் சாத்துவது வழக்கமில்லை. சாத்தினால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பக்கத்து அறை விசாரிக்க வந்துவிடும். பெண் உடை மாற்ற வேண்டும் என்றால் ஆண்கள் சொல்லாமலேயே நடைக்குப் போய் நிற்பார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் பெரியவர்களுக்குத் திடீரென்று புழுக்கம் தாங்காது. பாயோடு மொட்டை மாடிக்குப் போவார்கள். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் விருந்தாளிகள் மாடி முழுக்க இருபது அறைகளிலும் படுப்பார்கள். சண்டை மொத்தமும் காதில் விழும். மறுநாள் காலை குழாயடியில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. இந்த நாசூக்கு இல்லாவிட்டால் 160 சதுர அடியில் ஒரு வாரம் தாங்க முடியாது.

இதை வெறும் ஆனந்தமாகச் சொல்லிவிட்டால் பொய். ஒரே இடத்தை நாளைக்கு நான்கு தடவை நான்கு அறைகளாக மாற்றுவது யார்? தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுவதும், எல்லோரும் படுத்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் படுப்பதும் பெண்கள்தான். இரவில் நடையைத் தாண்டிப் பொதுக் கழிப்பறைக்குப் போகத் தயங்கி, மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களிடம் சால் வாழ்க்கையின் பெருமையைப் பேச முடியாது.

1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தம் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த நிலத்தில் மால்களும் கண்ணாடிக் கோபுரங்களும் எழுந்தன. வேலை போனவர்களுக்கு மிஞ்சிய ஒரே சொத்து அந்த அறையின் குடியிருப்பு உரிமை. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குப் பலன் கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பான மாடா, 2017இல் தொடங்கிய மறுசீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 சதுர அடி வீடு தருகிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி வாங்கின.

மூன்று மடங்கு இடம், தனிக் கழிப்பறை, லிஃப்ட். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? முக்கியமாக, பெண்கள் யாரும் சொல்வதாக இல்லை. ஆனால் 160 சதுர அடி போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அந்த அறை கதவோடு முடியாததுதான். நடை, மாடிப்படி, மொட்டை மாடி, எதிர் அறை, கணபதி பந்தல் போடும் மைதானம் எல்லாம் வீட்டின் பாகங்கள். நாற்பது மாடிக் கட்டடத்தில் கதவு சாத்தியே இருக்கும். மகன் வேலைக்குப் போன பிறகு, சாத்திய கதவுக்குப் பின்னால் 500 சதுர அடியில் பாட்டி என்ன செய்வாள் என்பது வரைபடத்தில் இல்லை.

சிவ்ரியின் 12 கட்டடங்கள் துறைமுகத்துக்குச் சொந்தமான நிலத்தில் இருப்பதால், மற்ற மூன்று இடங்களோடு இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அங்கே உள்ளவர்கள் 500 சதுர அடி எங்களுக்கு எப்போது என்று கேட்கிறார்கள்.