பாதுகாப்பு இலாகாவும் பாமரக் குடியானவனும்

கடலைக் கண்ணால் கண்டிராத ஊருக்குக் கடற்போரில் என்ன சம்பந்தம்? கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் தெரியும். கிழக்கே நோக்கினால் வயல்களும் பனைகளுமே தெரியும். அம்மலையில் பிறக்கும் கோமுகி நதியில் தண்ணீர் வருமா, மலைமேல் சாமையும் தினையும் விளையுமா என்பதே அப்பிரதேசத்துக் குடியானவனின் நித்திய கவலை. யுத்தக் கப்பல், ஆகாய விமானம் என்பவையெல்லாம் பட்டணத்துக்காரர்கள் பேசும் சமாசாரம் என்று அவன் எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆயினும் அந்த எண்ணம் தவறானது என்பதை 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிட்டன.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மன் குரூஸர் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டுமாரி பொழிந்தது. யுத்தம் தொடங்கி ஏழு வாரங்களாகியும் நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவை எதிரிக்கு வழிகாட்டின. எம்டனின் பீரங்கிகள் எட்டு மைலுக்கு மேல் எட்டமாட்டா. கடலூர்க் கரையிலிருந்து கள்ளக்குறிச்சி நேர்க்கோட்டில் சுமார் 55 மைல். ஆகவே அந்தக் கப்பலிலிருந்து அவ்வூரை எட்டியது "எம்டன்" என்ற சொல் மட்டுமே; கெட்டிக்காரப் போக்கிரியைக் குறிக்க அச்சொல்லை நம் கிராமங்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் 1942-ல் ஜப்பானியரின் விமானந் தாங்கிக் கப்பல்கள் சுமார் இருநூறு மைலுக்கு அப்பாலிருந்தே தாக்க வல்லவை. இருபத்தெட்டு வருஷங்களில் கடற்போரின் எல்லை, கரையைத் தாண்டி, வயலைத் தாண்டி, மலையடிவாரம் வரை வந்துவிட்டது.

அக்காலத்தில் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு ஜில்லாவின் மேற்கோரத் தாலுகா. அதே ஜில்லாவின் கிழக்கோரத்தில் கடலூரும் பரங்கிப்பேட்டையும் இருந்தன. ஒரே கலெக்டரின் ஆளுகைக்குள் மலையும் கடலும் அடங்கியிருந்தன. அந்தக் கடலைக் காக்கும் பொறுப்பு யாருடையது? அதே சமயத்தில் டில்லியில் விவாதிக்கப்பட்டதும் இந்தக் கேள்விதான்.

1939 செப்டம்பரில் இந்திய மக்களின் பிரதிநிதிகளை ஒரு வார்த்தையும் கேளாமல், வைசிராய் லின்லித்கோ இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார். அதனால் சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபை உள்படக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜிநாமாச் செய்தன. 1941 டிசம்பர் 10-ல் "பிரின்ஸ் ஆப் வேல்ஸ்", "ரிபல்ஸ்" என்ற இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மலேயாக் கடலில் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23-ல் அந்தமான் எதிரியின் கைக்குப் போயிற்று. அப்போதுதான் பிரிட்டிஷ் மந்திரி கிரிப்ஸ் சமரசத் திட்டத்துடன் டில்லி வந்து சேர்ந்தார். அத்திட்டத்தில் காங்கிரஸ் ஏற்க முடியாத அம்சங்கள் பல. அவற்றுள் தலையானது, யுத்த காலத்தில் தேசப் பாதுகாப்பு பிரிட்டிஷார் கையிலேயே இருக்கும் என்ற நிபந்தனை.

இனி தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 4-ஆம் தேதி, கானடா நாட்டு விமானியான பிர்ச்சல் தமது வேவு விமானத்திலிருந்து, இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படை ஒன்று வருவதைக் கண்டார். தந்தியில்லாக் கருவி மூலம் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையில் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. நகுமோ தலைமையில் வந்த அப்படையில் ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்கள் இருந்தன. எதிரே இருந்த பிரிட்டிஷ் தளபதி சாமர்வில்லின் பெரும் போர்க்கப்பல்கள் ஐந்தும் முந்திய மகாயுத்த காலத்துப் பழைய கப்பல்கள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புத் துறைமுகம் தாக்கப்பட்டது; "கார்ன்வால்", "டார்செட்ஷயர்" என்னும் இரு குரூஸர்கள் மூழ்கின; 424 மாலுமிகள் மாண்டனர். ஏப்ரல் 6: ஒஸாவாவின் வேறொரு படை வங்கக் கடலில் வர்த்தகக் கப்பல்களை வேட்டையாடியது, அதன் விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீதும் காக்கிநாடாவின்மீதும் குண்டு வீசின. ஏப்ரல் 9: திரிகோணமலை தாக்கப்பட்டது, "ஹெர்மிஸ்" என்ற விமானந் தாங்கிக் கப்பல், தன்மேல் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அருகே 307 பேருடன் மூழ்கியது. அந்தச் சில நாட்களில் வங்கக் கடலில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட வர்த்தகக் கப்பல்கள் அழிந்தன. பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக்கு விலகிச் சென்றது.

விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்த மறுநாள், ஏப்ரல் 7-ல், காங்கிரஸுக்குக் கிரிப்ஸ் ஓர் எழுத்து மூலமான யோசனையை அனுப்பினார். பாதுகாப்பு மந்திரியாக ஓர் இந்தியர் இருக்கலாமாம். யுத்த நடவடிக்கை மட்டும் பிரதம சேனாதிபதியிடமே இருக்குமாம். அப்படியானால் இந்திய மந்திரிக்கு மிஞ்சும் வேலை என்ன? துருப்புகளின் சிற்றுண்டிச் சாலைகள், பெட்ரோல் விநியோகம், இராணுவத்துக்கு வேண்டிய காகிதமும் அச்சு வேலையும் இவை போன்றவை! கடற்கரையில் குண்டு விழுகிறது. கரையைக் காக்கும் உரிமை கேட்டவனிடம் காகிதக் கிடங்குச் சாவி நீட்டப்படுகிறது. ஏப்ரல் 10-ல் காங்கிரஸ் மறுத்தது. 12-ல் கிரிப்ஸ் புறப்பட்டுச் சென்றார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பாதுகாப்பு இலாகா இந்தியர் கைக்கு வந்திருந்தால் மட்டும் ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்கள் ஒரே இரவில் முளைத்திருக்குமா? முளைத்திரா. அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் தேசப் பாதுகாப்பு என்பது கப்பல்களின் எண்ணிக்கை மட்டுமன்று. ஜனங்களிடம் உண்மையைச் சொல்வதும், ஆபத்து வேளையில் அவர்கள் நம்பத் தகுந்த ஒருவர் முன்னே நிற்பதும் பாதுகாப்பின் பாதி. அந்தப் பாதி சென்னையில் எந்த நிலையில் இருந்தது?

ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவல் அந்த வாரத்தில் மாகாண சர்க்காருக்குக் கிடைத்தது. தகவல் தவறானது, ஆனால் விளைவு மெய்யாகவே நேர்ந்தது. சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. நகரில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவிப்பு வந்தது. ரயில்கள் நிரம்பி வழிந்தன. வண்டியிலும் கால்நடையாகவும் ஜனங்கள் மேற்கும் தெற்கும் சென்றனர். மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஜனங்களின் ஓட்டுப் பெறாத ஆட்சி, நெருக்கடியில் ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல முடியாமல், தானே முதலில் பெட்டியைக் கட்டிற்று. ஜப்பானியர் அதன்பின் இறங்காமற்போனதற்குக் காரணம் சென்னையின் ஆயத்தமன்று; அவர்களுடைய கவனம் பசிபிக் சமுத்திரத்துக்குத் திரும்பியதுதான். அதே ஜூன் மாதத்தில் மிட்வேயில், கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் மூன்று அழிந்தன.

கல்வராயன் மலையடிவாரத்துக்கு இந்த யுத்தம் குண்டாக வரவில்லை. அரிசி விலையாக வந்தது. ஆண்டுதோறும் பல இலட்சம் டன் பர்மா அரிசி கடல் வழியே இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. ரங்கூன் வீழ்ந்ததும் அந்த வரத்து நின்றது. உள்நாட்டில் விளைந்த ஒவ்வொரு மூட்டைக்கும் புதிய வாய்கள் கிளம்பின. தானியக் கட்டுப்பாடும் பங்கீடும் பின்தொடர்ந்தன. வங்காளத்தில் 1943-ன் பஞ்சம் சுமார் முப்பது இலட்சம் உயிர்களைக் கொண்டது.

அரிசியைவிடக் கனத்த இழப்பு மனிதர்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களில் தென்னார்க்காடும் ஒன்று. கடல் எதிரியின் வசமானவுடன் அவர்களுடைய கடிதமும் பணமும் நின்றன. பர்மாவிலிருந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் தாய்நாட்டை நோக்கி வந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரம். மலேயாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் சயாம்-பர்மா ரயில் பாதையில் உயிர் நீத்தனர். இவ்விழவுகளுக்கு உள்நாட்டுக் கிராமங்களில்தான் ஒப்பாரி எழுந்தது. கடலைக் காணாத தாய்மாரும் கடற்போரின் பலனை அனுபவித்தனர்.

அந்த யுத்தம் கள்ளக்குறிச்சிச் சீமையில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தையும் விட்டுச் சென்றது. உளுந்தூர்ப்பேட்டையில் அந்த யுத்த காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் அது. கடலோரத்துக்குப் பின்னால் உள்நாட்டில் விமானத் தளங்கள் வேண்டும் என்ற ஞானம் சிங்கப்பூர் போன பிறகு பிறந்தது. 2019-ல் உருவான கள்ளக்குறிச்சி ஜில்லாவின் எல்லைக்குள் அந்த ஓடுதளம் இன்று இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. அன்று குண்டு விழுந்த விசாகப்பட்டினமே இன்று இந்தியக் கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையிடம். 1971 டிசம்பரில் அதே வங்கக் கடலில் "விக்ராந்த்" கப்பலின் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. அதே பெயருடைய புதிய விமானந் தாங்கிக் கப்பல் கொச்சியில் நம்மவர்களால் கட்டப்பட்டு 2022-ல் கடற்படையில் சேர்ந்தது. 1942-ல் நமக்கு மறுக்கப்பட்ட இலாகா இன்று நம்முடையது.

ஆனால் உரிமை வந்ததுடன் கடமை தீர்ந்துவிடாது. பாதுகாப்பு இலாகா நம் கைக்கு வந்தது என்பதன் பொருள், அதைப்பற்றிக் கேட்கும் பொறுப்பும் நம்முடையதாயிற்று என்பதே. கப்பல்களுக்குச் செலவாகும் பணம் கள்ளக்குறிச்சிக் குடியானவன் தரும் வரியிலிருந்தும் போகிறது. அதில் ஏறும் மாலுமி அவன் மகனாகவும் இருக்கலாம். தோல்வியை மறைப்பது, வதந்தியை வளரவிடுவது, ஆபத்து வந்தபின் அறிவிப்பு வெளியிடுவது ஆகிய 1942-ன் பழக்கங்கள் வெள்ளையரோடு கப்பலேறிவிட்டன என்று எண்ணி நாம் உறங்கலாகாது. எந்த சர்க்காரானாலும் ஜனங்கள் கேளாதபோது அவை திரும்பி வரும். டில்லியில் பாதுகாப்பைப்பற்றிப் பேச்சு நடக்கும்போதெல்லாம், மலையடிவாரத்துக் குடியானவனும் தன் கேள்வியைக் கேட்கட்டும். விடை சொல்லும் வரை விடாமல் கேட்கட்டும்.