தொண்டைக்குக் காற்றால் ஒரு முட்டு

கோலார் தங்கச் சுரங்கப் பகுதியின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இரவெல்லாம் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்வது. பெங்களூரில் சோதித்துவிட்டு, தூக்க மூச்சுத்தடை கடுமையாக இருக்கிறது, சீபேப் மெஷின் வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புது மெஷினின் விலை பல பத்தாயிரம் ரூபாய். பக்கத்து லைனில் காலமான ஒருவரின் மெஷினை அவர் வீட்டார் கால் விலைக்குத் தருகிறார்களாம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம், அம்மா. ஆனால் அந்தப் பெட்டியில் எது உங்கள் அப்பாவுக்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். குடைந்த இடத்தில் கூரை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. முட்டு குட்டையாக இருந்தால் கூரை இறங்கும். நீளமாக இருந்தால் உள்ளே நுழையாது. ஓர் இடத்துக்கு அளந்து வெட்டிய முட்டு அடுத்த இடத்துக்குச் சேராது என்பார். சீபேப் செய்வதும் முட்டுக் கொடுக்கும் வேலைதான். தூக்கத்தில் தசை தளர்ந்து, நாக்கும் அண்ணத்தின் பின்பகுதியும் மூச்சுப்பாதையில் சரிகின்றன. மெஷின் மூக்கு வழியாகக் காற்றை ஓர் அழுத்தத்தில் செலுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றே தொண்டைக்குள் முட்டாக நின்று பாதை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. இதில் மருந்து எதுவும் கிடையாது. கூடுதல் ஆக்சிஜனும் கிடையாது. அறைக்குள் இருக்கும் அதே காற்றுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன். அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. சல்லிவன் காற்று ஊதும் மோட்டாரோடு குழாயை இணைத்து மூக்கில் பொருத்தினார். 1981 ஏப்ரலில் லான்செட் இதழில் வெளியான அவருடைய கட்டுரையில் நோயாளிகள் ஐந்தே பேர். கொடுத்த அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவு. ஒரு குழாயின் நுனியை நீருக்குள் 10 சென்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதினால் குமிழி வரத் தேவைப்படும் அழுத்தம் அவ்வளவுதான். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய காற்று ஒருவரை ராத்திரி முழுக்கக் காப்பாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இன்றைய மெஷின்களை 4 முதல் 20 வரை வைக்கலாம். அதில் உங்கள் அப்பாவுக்குரிய எண் எது என்பதைத் தூக்கப் பரிசோதனைதான் சொல்லும். காலமானவருக்கு வைத்த எண் மெஷினுக்குள் அப்படியே இருக்கும். அதை அழித்துவிட்டு, அப்பாவின் மருத்துவச் சீட்டில் உள்ளபடி வைத்துத் தரச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் மெஷின் ஓடும், மூச்சும் நிற்கும். வீட்டில் எல்லோரும் வைத்தியம் நடப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். அதிகமாக இருந்தால் வயிற்றில் காற்று ஏறும், மாஸ்க்கின் ஓரத்தில் சீறும், மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிடுவார்.

எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த பகுதி மோட்டார் இல்லை. மாஸ்க்கின் முன்னால் ஊசி குத்தியது போல் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள். மெஷினிலிருந்து வருவது ஒரே குழாய். உள்ளே போகும் காற்றும் அதில்தான் வருகிறது. அப்படியானால் விட்ட மூச்சு எங்கே போகும்? அந்தத் துளைகள் வழியாகத்தான். வேண்டுமென்றே வைத்த கசிவு அது. 10 சென்டிமீட்டர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவில் காற்று அவற்றின் வழியே வெளியேறுகிறது, கரியமில வாயுவையும் அடித்துக்கொண்டு. மெஷினின் அழுத்தத்தை 4-க்குக் கீழே இறக்க முடியாமல் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். அதற்குக் கீழே போனால் விட்ட மூச்சை வெளியே தள்ளும் வேகம் போதாது.

இது தெரியாமல் அந்தத் துளைகளைப் பிளாஸ்திரி போட்டு அடைப்பவர்கள் உண்டு. பக்கத்தில் படுத்தவர் முகத்தில் குளிர்காற்று அடிக்கிறது என்றோ, காற்று வீணாகிறது என்றோ செய்கிறார்கள். அடைத்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து பழைய சாமான் விற்பனையில் இருக்கிறது. மருத்துவமனை வென்டிலேட்டருக்கென்றே துளையில்லாத மாஸ்க்குகள் இருக்கின்றன; அங்கே மூச்சை வெளியேற்ற வேறு வால்வு உண்டு. கோவிட் காலத்தில் அவை ஏராளமாக வெளியே வந்தன. பல கம்பெனிகளில் அவற்றின் குழாய் மூட்டு நீல நிறத்தில் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருந்தாலும், வீட்டு சீபேப்பில் அதை மாட்டவே கூடாது.

ஆகவே மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றையும் புதிதாக வாங்குங்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. இன்னொருவர் முகத்தில் பழகித் தளர்ந்த சிலிக்கான் உங்கள் அப்பாவின் முகத்தில் ஒட்டி நிற்காது. ஏழைக்குப் பழைய மாஸ்க்கே போதும் என்று எடுத்துக் கொடுப்பதைத் தருமம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாஸ்க்கின் பட்டை காந்தத்தால் மாட்டும் வகையா என்றும் பாருங்கள். அப்பாவுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தால் அந்த வகை வேண்டாம்.

இனி பெட்டி. முதலில் மாடலும் தயாரித்த தேதியும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்பட, அந்த ஆண்டு ஏப்ரல் 26-க்கு முன் தயாரான பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக உலகம் முழுக்க அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு மக்கி உதிர்ந்து, துகளும் வாயுவும் மூச்சோடு உள்ளே போகலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரமும், ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் கருவிகளும் அதை விரைவுபடுத்தும். அப்படிப்பட்ட மெஷின் சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள், பழுது சரிசெய்து கொடுத்ததற்கு எழுத்தில் சான்று இருந்தாலொழிய.

அடுத்து, மெனுவில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். ஒரு ராத்திரிக்கு எட்டு மணி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 மணி. பல மெஷின்களை ஐந்து ஆண்டுக்கென்றுதான் செய்கிறார்கள். மோட்டாரின் ஆயுள் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தால் பேரமே வேண்டாம். பிறகு வடிகட்டியைக் கழற்றி, அதன் பின்னால் விரல் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தங்கம் எடுக்க அரைத்த பாறைத்தூள் மூன்று கோடி டன்னுக்கு மேல், சயனைடு டம்ப்புகள் என்று நாம் சொல்லும் மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது; காற்றடி காலத்தில் அது வீட்டு அலமாரி வரைக்கும் வந்து படிகிறது. வடிகட்டி மாற்றாமல் ஓட்டிய மெஷினுக்குள் அந்தத் தூசி இருந்தால் அதைக் கழுவி எடுக்க வழியில்லை. சிகரெட் வாசனையும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றும் தொட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். தொட்டியை மாற்றுங்கள், இனி காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். கரண்ட் போகும் ராத்திரிக்கு இன்வெர்ட்டர் வைத்திருந்தால், தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிடுங்கள். மின்செலவு வெகுவாகக் குறையும்.

உங்கள் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் கோலார் தங்கச் சுரங்கத்தில்தான், 1947-இல். கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் அந்த நோயும் தூக்க மூச்சுத்தடையும் வேறு வேறு. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் சீபேப் மட்டும் போதாமல், மூச்சை இழுக்க ஓர் அழுத்தமும் விட ஓர் அழுத்தமும் தரும் பைபேப்போ, கூடவே ஆக்சிஜனோ தேவைப்படும். நுரையீரல் சோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேட்டபின் மெஷினுக்குப் பணம் கொடுங்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டுகள் இந்த மண்ணிலிருந்து தங்கம் போனது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்துக் கொண்டுவந்த ஊர் இது. இன்று சுரங்கத்தில் உழைத்து முதிர்ந்தவர்கள் மூச்சைச் சோதிக்கவே ரயிலேறுகிறார்கள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அதில் ஒரு மாஸ்க் கூட வராது. அதே நேரத்தில், கோவிடுக்குப் பயந்து வாங்கிய மெஷின்கள் எத்தனையோ வீடுகளில் பீரோமேல் தூங்குகின்றன. வைத்திருப்பவர்கள் எடுத்துக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். ஊர்ச் சங்கங்களும் கோயில், சர்ச் கமிட்டிகளும் ஒரு டெக்னீஷியனை வைத்து அவற்றைச் சோதித்து, மருத்துவச் சீட்டு உள்ளவர்களுக்கு இரவல் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தக் குவியலில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்களும் கிடக்கும். அவற்றால் தொண்டைக்கு முட்டுக் கொடுக்க முடியாது.

கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அம்மாவும் குறட்டை விடுகிறாராம், காலையில் தலைவலியோடு எழுகிறாராம். இருவரும் மாற்றி மாற்றி ஒரே மெஷினைப் போட்டுக்கொள்ளலாமா என்கிறார். கூடாது. இது தினமும் வேண்டிய வைத்தியம். போடாத ராத்திரியில் மூச்சு பழையபடி நிற்கும். தவிர, அம்மாவுக்கு என்ன எண் என்பதே இன்னும் தெரியாது. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது. அவர்கள் களைப்பு, தலைவலி, தூக்கம் வரவில்லை என்று சொல்வதால் பலருக்கும் கண்டுபிடிக்காமலே போகிறது. விரலிலும் மூக்கிலும் மார்பிலும் உணர்கருவிகளை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஒரு ராத்திரி தூங்கிச் செய்யும் பரிசோதனை இப்போது இருக்கிறது. அப்பாவை அடுத்தமுறை மருத்துவரிடம் காட்டும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். காலைத் தலைவலியை அவர் சொல்ல மறந்தால் நீங்கள் சொல்லுங்கள்.