அநாமதேயமும் லயச் சுவரும்

குடியை விட முயல்பவர்கள் குறித்த நாளில் ஒன்றுகூடித் தங்கள் அனுபவங்களைத் தமக்குள் பேசிக்கொள்ளும் துணைக்குழு என்ற ஏற்பாடு, இன்று அறியப்படும் வடிவில், 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் மருத்துவரான பொப் ஸ்மித்தும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடொருவர் பேசிப் பேசியே குடியை விலக்கிவைக்க முடிந்ததைக் கண்டு, அதையே ஒரு முறையாக்கினார்கள். அந்த இயக்கம் ஏற்ற 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்ற பெயருக்கு, பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது பொருள். இந்தப் பெயர் மறைப்பு, அதாவது அநாமதேயம், ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் எவ்வாறு செல்லுபடியாகும் என்பதே இலங்கையின் மலையகத்தில் முதலில் எழும் கேள்வி.

ஒரே கூரையின் கீழ், சுவர்கள் பொதுவாக இருக்க, காம்பராக்கள் வரிசையாக நீளும் லயத்தில், யார் எந்த நிலையில் வீடு திரும்பினார் என்பது விடியுமுன்பே அடுத்த காம்பராவுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒருவர் குடிப்பதை மறைப்பதற்கு இங்கே அநாமதேயம் பயன்படாது; அது ஊரறிந்தது. ஊர் அறியாதது, அவர் எத்தனை முறை விட முயன்று தோற்றார் என்பதும், எதை நினைத்து வெட்கப்படுகிறார் என்பதுமே. கூட்டத்தில் கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை என்ற விதி இவற்றைத்தான் காக்கிறது. அதனால் கூடுமிடத்தைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்: தோட்ட அலுவலகமும் தொழிற்சங்கத் தலைவரின் வீடும் உகந்தவை அல்ல, ஏனெனில் கங்காணியும் தலைவரும் வேலை கொடுப்பவர்களாகவோ வழக்குத் தீர்ப்பவர்களாகவோ அமர்ந்திருக்கும் இடத்தில் யாரும் மனம் திறப்பதில்லை. அடுத்த டிவிசனின் வாசகசாலையோ பிள்ளை மடுவமோ, பஸ் காசு செலவானாலும் ஹட்டன் நகரமோ மேல்.

கூட்டத்துக்குள் நடப்பது மிக எளிமையானது. கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும், வெறுந்தேத்தண்ணி வரும், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ இல்லை, புதிதாக வந்தவர் பேசாமலே கேட்டுவிட்டுப் போகலாம். கட்டணமும் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்புரிமை. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யும் வழக்கமுள்ள சமூகத்துக்கு, ஆயுள் முழுவதும் தொடமாட்டேன் என்ற வாக்குறுதியை இக்குழு கேட்பதே இல்லை என்பது வியப்பாக இருக்கலாம். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதே அங்கு பேசப்படும் இலக்கு. ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் காப்பவர்கள், ஒருவரையொருவர் சாமி என்றழைத்துக் கூட்டாகவே குடியை விலக்கிவைப்பதை மலையகம் நன்கறியும். மாலை கழற்றிய மறுநாள் என்ன என்பதற்கு விரதத்தில் விடையில்லை. துணைக்குழுவின் வேலை அந்த நாளில்தான் தொடங்குகிறது. இம்முறை பலனளிக்கிறதா என்ற நெடுங்கால விவாதத்தில், 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் இது மற்றச் சிகிச்சை முறைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது.

ஆயினும் அன்றாடம் நிறையக் குடிப்பவர், மாலைக்காகவோ குழுவுக்காகவோ, திடீரென நிறுத்துவது ஆபத்தானது. முதல் இரண்டு நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்ற நிலை, அதாவது இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து, இடமும் காலமும் குழம்பும் நிலை வரலாம். இது உயிரையும் பறிக்கக்கூடியது. இதைப் பேய்க்கோளாறு என்று கோடாங்கியிடம் கொண்டுபோவதில் போகும் நேரத்துக்கு ஈடில்லை. எனவே டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையை முதலில் நாடுவதே முறை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய தொலைபேசி இலக்கங்களில் ஆலோசனை பெறலாம். அருகிலுள்ள குழுவைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். தமிழில் நடக்கும் இணையவழிக் கூட்டங்களும் உள்ளன.

பெண்களின் நிலை வேறு. இலங்கையில் பெண்களுக்கு மது விற்பதற்கிருந்த தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் திரும்பவும் வந்தது. இல்லாதது போலச் சட்டமே பாசாங்கு செய்யும் ஒரு பழக்கத்துக்குப் பெண்ணொருத்தி உதவி கேட்பது எளிதல்ல; பெண்களுக்கெனத் தனிக் கூட்டம் வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம். குடிப்பவரின் குடும்பத்தினருக்கு 1951இல் உருவான அல்-அனொன் என்ற வேறு அமைப்பும் உண்டு. மனைவி கொழுந்து பறித்த சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிய தோட்டங்களில், அதில் பேசப்படுவதற்கு விடயம் குறையாது.

குழு எதுவும் அருகில் இல்லாவிட்டால் தொடங்குவதற்கு அனுமதிப் பத்திரமோ பதிவோ தேவையில்லை. குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினால் அதுவே குழு என்பது அவ்வியக்கத்தின் மரபு. போயா தினத்தில் தவறணைகள் மூடியிருந்தாலும் கள்ளச் சாராயமான கசிப்பு விற்பனை ஓய்வதில்லையாதலால், அன்றைய விடுமுறை கூடுவதற்கு ஏற்றது. அதைவிட முக்கியம் சம்பள நாள்: கொழுந்து நிறுத்து முடிந்து, கையில் காசோடு இறங்கும் பாதை தவறணைப் பக்கம் பிரிவதற்கு முன்னால், அந்த மாலையில், கதிரைகள் போடப்பட்டிருக்க வேண்டும்.